லேபிளில் சிரித்த முத்துமாரி

தம்பி,

மூன்று நாளாக இதைப் போனில் சொல்லிவிடப் பார்த்தேன். நீ "சொல்லுங்கப்பா" என்பாய், நான் "ஒண்ணுமில்ல, பாப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "வாயில வரலைன்னா கையில எழுதுங்க. ஆனா இந்தத் தடவயாவது முழுசாச் சொல்லிருங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில், பெற்ற பிள்ளையிடம் போய் நான் செய்தது தப்பு என்று சொல்வது இத்தனை கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததில் காபி இரண்டு தடவை ஆறிப்போனது.

போன மாதம் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். பாப்பா குளித்துவிட்டுத் துண்டோடு சிரிக்கிற படத்தை நான் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். சிவகாசியில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். "அப்படியே தாத்தா ஜாடை" என்று பேப்பர் ஏஜென்ட் எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் நீ பெங்களூரிலிருந்து கூப்பிட்டாய். "அப்பா, அத எடுத்துருங்கப்பா. பாப்பா மொகத்த நாங்க எங்கயும் போடுறதில்ல. அவ வளந்து அவளாச் சொல்லட்டும்" என்றாய். நீ பணிவாகத்தான் சொன்னாய். நான்தான் குதித்தேன். "என் பேத்தி, நான் எடுத்த போட்டோ, எனக்குச் சட்டம் பேசுதியாலே?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டு, படத்தையும் எடுத்துவிட்டு, பன்னிரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். உன் மனைவி சொல்லிக் கொடுத்து நீ பேசுகிறாய் என்றுகூட உன் அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடு. அவளிடமும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ சொன்னது சரி என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது, தம்பி. அது ஏன் எனக்கு அத்தனை சுருக்கென்று தைத்தது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லவேண்டும்.

பதின்மூன்றாம் நாள் நீயே கூப்பிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி, பாப்பா காதுகுத்துக்கு அந்த ஜெர்மன் கேமராவில் படம் எடுக்க ஆசையாக இருக்கிறது, தருவீர்களா என்று கேட்டாய். ஓடுகிறதா என்று பார்க்க இரண்டு ஃபிலிம் ரோலும் கூரியரில் அனுப்பிவைத்தாய். பீரோவின் மேலிருந்து கேமராவை இறக்கினேன். கூடவே அதன் பக்கத்திலிருந்த பழைய பிஸ்கட் தகர டப்பாவையும் இறக்க வேண்டியதாயிற்று.

முதலில் கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நல்ல விஷயத்தை எழுதும்போது பேனாவை மூடத் தோன்றுவதில்லை. நம் பிரஸ்ஸுக்கு முதல் ஆஃப்செட் மெஷின் ஜெர்மனியிலிருந்து வந்தபோது அதைப் பூட்டிக் கொடுக்க அங்கிருந்து ஒரு ஆள் வந்தார். நாற்பது நாள் நம் ஊர் வெயிலையும் மிளகாயையும் தாங்கிக்கொண்டு மெஷினை ஓட்டிக் காட்டிவிட்டு, ஊர் திரும்பும்போது பெட்டியின் கனம் குறையட்டும் என்று இதை உன் தாத்தாவிடம் விற்றுவிட்டுப் போனார். தாத்தா ஒரு நாள் கழுத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னலே, படிக்கல்லக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு" என்று என்னிடம் தள்ளிவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. முழுக்க உலோகம். பாட்டரி கிடையாது, வெளிச்சம் அளக்கிற முள் கிடையாது, நமக்குப் பதிலாக யோசிக்கிற எதுவும் அதற்குள் இல்லை. நாம் தப்புச் செய்தால் அதுவும் தப்புச் செய்யும். யார் மேலும் பழி போட முடியாது.

பொத்தான் இடது கைப்பக்கம் இருக்கிறது என்று திகைக்காதே, அதன் பிறப்பே அப்படி. இரண்டு நாளில் விரல் பழகிவிடும். லென்ஸில் இரண்டு வளையம் உண்டு. முதலில் முழுக்கத் திறந்து வைத்துக் கண்ணிமை தெளிவாகத் தெரிகிறதா என்று பார். பிறகு அழுத்துவதற்கு முன் மற்ற வளையத்தைத் திருகி மூடு. மூட மறந்தால் படம் வெளுத்துப்போகும். நான் நூறு தடவை மறந்திருக்கிறேன். மெதுவான ஷட்டர் வேகங்கள் தூங்கிவிட்டன, அவற்றைத் தொடாதே. நொடியில் அறுபதில் ஒரு பங்கிலிருந்து மேலே எல்லாம் இன்றைக்கும் டக்கென்று விழுகிறது. வெளிச்சத்துக்குத் தரையில் விழுகிற நிழலைப் பார். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருந்தால் லென்ஸை நன்றாக மூடு, ஓரம் மங்கியிருந்தால் இரண்டு படி திற. ஃபிலிம் மாட்டியதும் சாவி கொடுக்கும்போது மற்றப் பக்கத்துக் குமிழும் கூடவே சுற்றுகிறதா என்று கட்டாயம் பார்த்துக்கொள். உன் அத்தை கல்யாணத்தில் தாலி கட்டியதிலிருந்து மறுவீடு வரைக்கும் நான் வளைத்து வளைத்து எடுத்தேன். ஃபிலிம் பல்லில் மாட்டவே இல்லை. அத்தை இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "அண்ணன் எடுத்த போட்டோ எல்லாம் வந்திருச்சா?" என்றுதான் விசாரிக்கிறாள்.

இன்னொன்று, இதில் பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே போய் அப்படியே நின்றுவிடும். எட்டிப் பார்த்தால் இருட்டாக இருக்கும். திரும்பச் சாவி கொடுத்தால்தான் எதிரே இருப்பது தெரியும். கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே. அந்தக் காலத்துக் கேமரா அப்படித்தான். படம் எடுத்த கையோடு அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமென்றால் கேமராவை இறக்கிவிட்டு நேராகத்தான் பார்க்கவேண்டும். நான் இறக்கியதில்லை, சாவியைக் கொடுத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். பெங்களூர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், அதனால் ஈரத்தை உறிஞ்ச ஒரு பிடி அரிசியோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வை. இங்கே அந்தக் கவலை இருந்ததில்லை. மழை பெய்யாத ஊர் என்று எல்லோரும் திட்டுகிறார்கள்; பட்டாசுக்கும் அச்சுக்கும் லென்ஸுக்கும் அதுதான் வசதி.

இனி அந்தத் தகர டப்பா. அதில் நெகட்டிவ்கள் இருந்தன. உன் முகம் இருக்கிற சுருள்களுக்கு அடியில், வெண்ணெய்த்தாளில் தனியாகச் சுற்றிய ஒரு துண்டு. அதில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. பெயர் முத்துமாரி. நம் பிரஸ்ஸில் காலண்டர்களின் ஓரத்தில் தகரத் தகடு அடிக்கிற பிரிவில் வேலை பார்த்த பேச்சியம்மாளின் மகள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் பேச்சி அவளையும் கூடவே கூட்டிவருவாள். காகிதக் கட்டுகளுக்கு இடையில் அது பாட்டுக்கு ஓடித் திரியும். மெஷின் நின்றால் போதும், "மொதலாளி, ஓட்டுங்க" என்று எனக்கே ஆர்டர் போடும்.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், ஒரு காலை வெயிலில், அந்தக் குழந்தை வெள்ளைக் காகிதக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கீழேயும் பக்கத்திலும் வெள்ளைத் தாள். வெயில் அதில் பட்டுத் திரும்பி முகமெல்லாம் வெளிச்சம். நான் கேமராவை எடுத்தேன். உன் அம்மாவிடம் அவள் அண்ணன் மகளுக்காக வாங்கிவைத்திருந்த சிவப்புக் கவுன் இருந்தது. ஒரு நிமிஷம் இதற்குப் போட்டுவிடு என்றேன். அம்மாவும் சந்தோஷமாகத்தான் போட்டுவிட்டாள். பேச்சி உள்ளே தகடு அடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்கிற எண்ணமே எனக்கு வரவில்லை, தம்பி. என் பிரஸ், என் கேமரா, என்னிடம் வேலை பார்ப்பவளின் பிள்ளை. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் அப்போது என் புத்தி இருந்தது.

நான் எடுத்ததிலேயே அதுதான் சிறந்த படம். ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி புதுச் சரவெடிக்கு லேபிள் பார்க்க வந்தபோது, மேஜையில் கிடந்த அந்தப் போட்டோவைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. "யாரு வீட்டுப் புள்ள? நல்ல ராசியான மொகமால்ல இருக்கு. இதையே போட்ருவோம்" என்றார். எங்கள் தொழிலில் ராசி என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது என்பது உனக்குத் தெரியும். நான் ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டு வேலையைச் சொன்னேன். நிறத்தைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன். முத்துமாரிக்கு மேல் பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அதையும் அடைக்கச் சொன்னேன். நெஞ்சின் குறுக்கே மஞ்சள் எழுத்தில் சரத்தின் பெயர். லேபிள் மெஷினிலிருந்து வந்து விழுந்த அன்றைக்குத்தான் பேச்சிக்கே தெரியும். அவளுக்கு முதலில் பெருமைதான். இரண்டு தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தெருவெல்லாம் காட்டினாள். அந்தத் தீபாவளிக்கு அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டு, பெரிய தர்மம் பண்ணியவன் மாதிரி நடந்துகொண்டேன். சரம் நன்றாக விற்றது.

அடுத்த மாசி மாதம் முத்துமாரி காய்ச்சலில் போய்விட்டாள். நாலே நாள். நான் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துப் பேச்சி வேலைக்குத் திரும்பினாள். அதற்குள் சீசன் தொடங்கிவிட்டது. அந்த லேபிளுக்கு முந்தின வருஷத்தைவிட இரண்டு மடங்கு ஆர்டர். தகடு அடிக்கிற வேலை இல்லாத நாளில் அவளை லேபிள் எண்ணிக் கட்டுக் கட்டும் மேஜைக்குப் போடுவது வழக்கம். மேஸ்திரி வழக்கம்போலப் போட்டிருக்கிறார். நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அவள் தன் பிள்ளையின் முகத்தை நூறு நூறாக எண்ணிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு உனக்குப் பேர் வைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. பிரஸ்ஸில் எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சி லட்டை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு என் அறைக்கு வந்தாள்.

"மொதலாளி, இந்த வருசம் வேற புள்ள படம் போட்ருங்க மொதலாளி. தீவாளி அன்னைக்கு வெடிச்சுத் தெருவெல்லாம் கெடக்கும். மிதிச்சிக்கிட்டுப் போவாக. பாத்துக்கிட்டு இருக்க முடியாது" என்றாள்.

அழவில்லை. கணக்காகத்தான் பேசினாள். நான் பார்ட்டியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. இதைக் கவனமாகப் படி, தம்பி, என் வெட்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கம்பெனி முதலாளியைக் கெஞ்சவேண்டிய அவசியமே எனக்கு இல்லை. அந்தக் குழந்தை இறந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராசி பார்க்கிற மனிதர். அடுத்த நிமிஷமே அந்த லேபிளைக் கையால் தொட்டிருக்கமாட்டார். அதனால்தான் சொல்லவில்லை. சொன்னால், ஓடிக்கொண்டிருக்கிற ஆர்டர் நின்றுவிடும். புது முகம் ராசியாக அமையாவிட்டால் லேபிள் வேறு பிரஸ்ஸுக்குப் போய்விடும். நான் அந்தச் சாவை அவரிடமிருந்து மறைத்தேன். மேஸ்திரியிடமும் பார்ட்டி வந்தால் வாயைத் திறக்காதே என்று சொல்லிவைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பேச்சியிடம், "சொல்லிப் பாத்துட்டேன். அவுக கேக்க மாட்டேங்காக" என்றேன்.

"அப்பம் அவ போட்டோ ஒண்ணாவது போட்டுத் தாங்க. லேபிள்ல நெஞ்சுல எழுத்து கெடக்கு. வேற படம் எங்கிட்ட இல்ல" என்றாள். பத்தடி தூரத்தில், அப்போது அந்த அறையிலேயே இருந்த பீரோவின் மேல் அந்த நெகட்டிவ் இருந்தது. கொடுத்திருக்கலாம். ஆனால் முந்தைய பொய் என் கழுத்தைப் பிடித்தது. நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது என்றால் லேபிளும் என் கையில்தானே என்று இவள் நினைப்பாளே, நாளைக்கு வேறு ஏதாவது கேட்பாளே என்று பயம். "நெகட்டிவையும் பார்ட்டியே வாங்கிட்டுப் போயிட்டாக, பேச்சி" என்று சொல்லிவிட்டேன். "சரிங்க மொதலாளி" என்று போனாள். அந்த வாரத்தோடு வேலையை விட்டு நின்றுவிட்டாள். லட்டு அந்த மேஜையிலேயே எறும்பு மொய்த்துக் கிடந்தது. அதே நாட்களில்தான் நான் தொட்டிலில் கிடந்த உன் முகத்தைச் சுருள் சுருளாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

பதினொரு வருஷம் அந்த லேபிள் ஓடியது. நீ ஏழு வயதில் அந்தச் சரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "யாருப்பா இந்தப் பாப்பா?" என்று கேட்டாய். "யாரோ ஒரு பாப்பா" என்றேன். நீ நம் வாசலில் வைத்துக் கொளுத்தினாய். அம்மா உள்ளே போய்விட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். முதல் வருஷமே என்னிடம் சண்டை போட்டு ஓய்ந்துபோனாள். "ஒங்கள மாதிரித்தான் நானும். கவுன் போட்டுவிட்டது நான்தான" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு அந்தக் கம்பெனிக்காரரே வேறு எதையோ பார்த்து லேபிளை மாற்றிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு கேமராவையும் அவ்வளவாகத் தொடவில்லை. கண் சரியில்லை என்று உன்னிடம் சொன்னேன், கண் நன்றாகத்தான் இருந்தது.

காதுகுத்துக்கு முந்தின நாள் நானும் அம்மாவும் ரயிலில் வருகிறோம். கேமராவை என் மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன், கூரியரில் போடமாட்டேன். நீ அனுப்பிய ரோல் ஒன்று அதற்குள் இருக்கிறது. எட்டு படம் தெருவில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன்; மிச்சம் உன்னுடையது. பாப்பாவை எடுக்கும் முன் அவள் உன் முகத்தைப் பார்க்கட்டும். அழுது முகத்தைத் திருப்பினால் விட்டுவிடு. நான் எடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டால் உன்னிடமும் உன் மனைவியிடமும் கேட்பேன். நீங்கள் சொல்வதுதான். இதெல்லாம் ஒரு பக்கம். முந்தாநாள் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

நெகட்டிவை மதுரையில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரின்ட் போட்டேன். வருஷமாகிவிட்டதால் கவுனின் சிவப்பு கொஞ்சம் பழுப்பாகிவிட்டது, முகம் அப்படியே இருக்கிறது. பழைய மேஸ்திரியிடம் விசாரித்ததில் பேச்சி விஸ்வநத்தத்தில் மகனோடு இருப்பது தெரிந்தது. சாயங்காலம் போனேன். கேமராவையும் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை, இப்போது தெரிகிறது. அவள் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஒரு படம் எடுக்கலாம் என்று எனக்குள் ஒருவன் கணக்குப் போட்டிருக்கிறான். நெகட்டிவைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கேட்டால் கொடுப்போம், கேட்காவிட்டால் நம்மிடமே இருக்கட்டும் என்று. அவ்வளவுக்குப் பிறகும், தம்பி.

பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது. இறங்கியவர்களில் யார் பேச்சி என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள்தான் என்னைப் பார்த்து நின்றாள். கை இரண்டும் முழங்கை வரைக்கும் வெள்ளி நிற வெடிமருந்து ஒட்டி மின்னியது.

"மொதலாளியா? என்ன இம்புட்டு தூரம்? உக்காருங்க. கைய கழுவிட்டு வாரேன்."

சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, சேலையில் துடைத்துவிட்டு வந்தாள். நான் உறையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவள் சுண்டுவிரலால் படத்தின் ஓர் இடத்தைத் தொட்டாள். "இந்தா இருக்குல்லா, பல்லுச் சந்து. லேபிள்ல அத அடைச்சிட்டீகளே. நான் பெத்தது இதுதான்" என்றாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "நெகட்டிவ் கெடச்சிருச்சோ?" என்றாள்.

பார்ட்டி திருப்பிக் கொடுத்தார்கள் என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. பழக்கதோஷம். அதை மென்று விழுங்கிவிட்டு, "எங்கிட்டதான் இருந்துச்சு பேச்சி. அன்னைக்கும் இருந்துச்சு. பார்ட்டிகிட்டயும் நான் சொல்லவே இல்ல" என்றேன்.

"தெரியும். பீரோ மேல பிஸ்கட் டப்பாவுல. நாந்தான வாரத்துக்கு ஒருக்க தூசி தட்டுவேன்."

"அப்பம் எடுத்திருக்கலாமே, தாயி."

"எடுத்திருக்கலாம். எம்புள்ளய நான் எடுத்தா களவா? ஆனா ஒரு வைராக்கியம். நீங்க குடுக்கீகளா இல்லையான்னு பாக்கணும்னுதான் வாயத் தொறந்து கேட்டேன்." படத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள். "அந்த வெடிக் கம்பெனி வாசல் வரைக்கும் ஒரு நா நானும் போனேன். உள்ள போயி இது செத்த புள்ளன்னு சொன்னா அன்னைக்கே நிப்பாட்டிருவாக. ஆனா ராசியில்லாத மொகம்னு தூக்கிப் போடுவாகல்லா. அத என் வாயால சொல்ல மனசு வரல. திரும்பிட்டேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. மன்னித்துக்கொள் என்றேன். "எம்புட்டு வருசம் அச்சடிச்சீக?" என்று கேட்டாள். பதினொன்று என்றேன். "எனக்குப் பதிமூணு தீவாளி. பழைய சரக்கு வித்துக்கிட்டேதான இருந்துச்சு" என்றாள்.

எழுந்திருக்கும்போது தோளில் கிடந்த கேமராவைத் தொட்டு, "பேச்சி, ஒன்ன ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டேன். ஒருவரிடம் அப்படிக் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"எதுக்கு?" என்றாள். நான் தோள்வாரை இழுத்துவிட்டுக்கொண்டேன். "வேண்டாம் மொதலாளி" என்றாள்.

ஒரு நொடி எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. உன் போனுக்கு வந்ததே, அதே கோபம். அதையும் உன்னிடம் மறைக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். அது தணிகிறவரைக்கும் சும்மா நின்றேன். பேச்சி கையை நீட்டினாள். "அந்த நெகட்டிவையும் குடுத்துட்டுப் போங்க" என்றாள். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவள் அதை வெண்ணெய்த்தாளிலிருந்து உருவி, இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து, மேற்கே வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா. முகம் கறுத்து, முடியெல்லாம் வெளுத்துத் தெரிந்திருக்கும். கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல் சொன்னாள்:

"முடியெல்லாம் நரைச்சிருச்சே. அவளுக்கும் வயசாயிட்டு."

நான் வந்துவிட்டேன், தம்பி. இனி அந்த முகம் நம் வீட்டில் இல்லை.

அப்பா